விலை குறைந்த ஒயினை வீட்டில் ருசித்துக் குடிப்பது எப்படி

ஒரு வெக்கையான சாயங்காலம், அலமாரியில் கொஞ்ச நாளாக நின்றிருந்த விலை குறைந்த சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் ஸ்பிரிட் நெடி, வாயில் வைத்தால் வெந்த பழக்கூழ் போல மந்தமான ஒரு இனிப்பு, விழுங்கினால் தொண்டையில் எரிச்சல். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை, அதனால் மூடியைத் திருகி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னால் வெளியே எடுத்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஊற்றிப் பார்த்தால், அது வேறு ஒயின். செர்ரிப் பழ வாசனை, லேசாக மிளகு, நாக்கின் ஓரத்தில் புளிப்பு. பாட்டில் அதேதான், மாறியது சூடு மட்டும்தான்.

அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் இதைச் சொல்கிறேன்: இன்னும் விலை கூடிய பாட்டிலைத் தேடிப் போவதற்கு முன்னால், கையில் இருக்கும் பாட்டிலைச் சரியான குளிர்ச்சியில் குடித்துப் பாருங்கள். விலை குறைந்த ஒயின்களில் பெரும்பாலானவை மோசமான ஒயின்கள் இல்லை, நாம் அவற்றை மோசமான நிலையில் குடிக்கிறோம்.

சூடும் குளிர்ச்சியும்

சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு, ஐரோப்பாவில் வீடுகளை முழுக்கச் சூடாக்கும் வசதி வருவதற்கு முந்தைய காலத்துக்குப் பொருந்தியது, அந்த அறைகள் 16, 18 டிகிரி செல்சியஸில் இருந்தவை. இன்று உங்கள் அறை 28 டிகிரியோ 30 டிகிரியோ இருந்தால் அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒயின் சூடாக இருந்தால் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி, பழ வாசனையைத் தள்ளிவிட்டு முதலில் மூக்கில் ஏறும். அதுதான் அந்த ஸ்பிரிட் நெடி.

சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும். நிறமும் துவர்ப்பும் குறைந்த மெல்லிய சிவப்பு, உதாரணமாக பிரான்ஸின் போஜொலே பகுதியில் கமே திராட்சையில் செய்வது, 12, 13 டிகிரியில் இன்னும் நன்றாக இருக்கும். வெள்ளைக்கும், ரோஸா நிறத்து ரோஸே ஒயினுக்கும் 8 முதல் 12 வரை, நுரைக்கிற ஒயினுக்கு 6 முதல் 8 வரை. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், பாட்டிலைத் தொட்டால் சிவப்பு கைக்கு இதமான குளிர்ச்சியாகவும் வெள்ளை நன்றாகவே ஜில்லென்றும் இருந்தால் போதும்.

நேரக் கணக்குதான் பலருக்கும் தவறுகிறது. 'சிவப்பு ஒயினை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை' என்பது 21, 22 டிகிரி அறைக்குச் சொன்ன அளவு. ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது குளிர்ந்த காற்று, காற்று பாட்டிலின் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், அதனால் 30 டிகிரியில் இருந்த பாட்டில் 17, 18-க்கு இறங்க ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். அவசரம் என்றால் ஒரு பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் பாட்டிலைக் கழுத்து வரை முக்கிவிடுங்கள். வெறும் ஐஸ் போடாதீர்கள், கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலின் உடம்பு முழுக்கக் குளிர் ஒட்டும். இப்படி வைத்தால் சிவப்புக்குக் கால் மணி நேரம், வெள்ளைக்கு அரை மணி நேரம். ஒரு கைப்பிடி உப்பைச் சேர்த்தால் இன்னும் வேகம். ஃப்ரீசரில் வைப்பதானால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், மறந்துபோனால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளும், சில சமயம் பாட்டிலே விரிசல் விடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வெள்ளை ஒயினை 4 டிகிரி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் வாசனையே வராது, புளித்த ஐஸ் தண்ணீர் மாதிரி இருக்கும். இருபது நிமிடம் வெளியே வைத்தாலே வாசனை வெளிவரும். சிவப்பை அளவுக்கு மீறிக் குளிரவைத்தால் துவர்ப்பு கூர்மையாகி நாக்கைப் பிடித்து இழுக்கும். ஆனால் மந்தமான, இனிப்பு தூக்கலான வெள்ளை கையில் மாட்டிக்கொண்டால் அதை வேண்டுமென்றே நன்றாகக் குளிரவையுங்கள், குளிர் இனிப்பையும் குறைகளையும் அமுக்கிவிடும்.

நம்பிக்கை வரவில்லையா, இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே சிவப்பு ஒயினை இரண்டு கிளாஸில் மூன்று விரல் உயரம் ஊற்றுங்கள். ஒன்றை மேசையிலேயே விட்டுவிட்டு இன்னொன்றைச் சின்னத் தட்டால் மூடி ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம் வையுங்கள். பிறகு முதலில் மேசையில் இருந்ததை முகர்ந்து ஒரு வாய், அடுத்து குளிர்ந்ததை முகர்ந்து ஒரு வாய். யாரிடமாவது எதுவும் சொல்லாமல் கொடுத்து எது விலை கூடியது என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்லும் பதில் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

விலை நாக்கில் தெரியுமா

2008-இல் ராபின் கோல்ட்ஸ்டீன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், லேபிளை மறைத்துவைத்துச் செய்த 6,000-க்கும் மேற்பட்ட ருசிபார்த்தல்களை அலசினார்கள். ஒயின் பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடியதை அதிகம் ரசிக்கவில்லை, சராசரியில் கொஞ்சம் குறைவாகவே ரசித்திருந்தார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தால், கூடுதல் விலை சொன்னபோது அது நன்றாக இருப்பதாக ஆட்கள் உணர்வதையும், மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி அதிகம் வேலை செய்வதையும் காட்டியது. விலைச்சீட்டும் ஒரு ருசிதான் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். விருந்தினர் வரும்போது பாட்டிலைக் காட்டாமல் ஜாடியில் ஊற்றி வைப்பது நான் விடாமல் செய்யும் பழக்கம், யாரும் விலையைக் குடிக்காமல் ஒயினைக் குடிக்கிறார்கள்.

இதனால் விலைக்கு அர்த்தமே இல்லை என்று ஆகிவிடாது. கை அறுவடை, ஓக் பீப்பாய், வருடக்கணக்கில் கிடங்கில் வைத்திருப்பது, எல்லாமே செலவு. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு ஊரின் பெயருக்கும் அரிதாகக் கிடைப்பதற்கும் போகிறது. வீட்டில் சும்மா ஒரு கிளாஸ் குடிக்கிறவருக்கு அது தேவைப்படாது.

கடையில் என்ன பார்ப்பது

பெயர் பெற்ற ஊருக்குப் பக்கத்து ஊரைத் தேடுங்கள், இது எப்போதும் வேலை செய்யும் வழி. ஷாம்பெயினுக்குப் பதில் ஸ்பெயினின் காவா, பிரான்ஸிலேயே மற்றப் பகுதிகளில் செய்யும் க்ரேமோ: இரண்டிலுமே ஷாம்பெயினைப் போலவே இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்தான் நடக்கிறது. சிவப்பில் இந்தத் திராட்சைகள்: ஸ்பெயினின் ஹூமியா பகுதி மொனஸ்ட்ரெல், காலதாயூத் பகுதி கர்னாச்சா, இத்தாலியின் புலியா பகுதி ப்ரிமிட்டிவோ, சிசிலியின் நேரோ தாவோலா, அர்ஜென்டினாவின் மென்டோசா மால்பெக். வெள்ளையில் தென்னாப்பிரிக்காவின் ஷெனான் பிளாங்க், போர்ச்சுகலின் வின்யோ வெர்டே. பிந்தையது லேசாக நாக்கில் குறுகுறுக்கும், ஆல்கஹாலும் பெரும்பாலும் குறைவு, வெக்கையான நாளுக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் குடித்ததில்லை.

ஒரே திராட்சைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் குழம்ப வேண்டாம். சிராவும் ஷிராஸும் ஒன்று. கர்னாச்சாவும் க்ரெனாஷும் ஒன்று. பினோ க்ரிஜியோவும் பினோ க்ரியும் ஒன்று, ப்ரிமிட்டிவோவும் ஸின்ஃபான்டெலும் ஒன்று. ஐரோப்பிய லேபிள்கள் பலவற்றில் திராட்சையின் பெயரே இருக்காது, ஊர்தான் இருக்கும்: ஷாப்ளி என்றால் ஷார்டனே, வெள்ளை சான்சேர் என்றால் சோவின்யோ பிளாங்க், சிவப்பு ரியோஹா என்றால் பெரும்பாலும் டெம்ப்ரனீயோ, கியாண்டி என்றால் முக்கியமாக சான்ஜொவேசே. இதில் நிபுணர்களே ஏமாந்த கதையும் உண்டு. சிலியில் பல காலமாக மெர்லோ என்று நினைத்து வளர்த்துவந்த கொடிகளில் ஒரு பகுதி உண்மையில் கார்மெனேர் என்று 1994-இல்தான் பிரெஞ்சுத் திராட்சை நிபுணர் ழான் மிஷல் பூர்சிகோ கண்டுபிடித்தார், பிரான்ஸில் கிட்டத்தட்ட அழிந்துபோன திராட்சை அது. இன்று சிலி கார்மெனேர், குறைந்த விலையில் கிடைக்கும் சுவாரசியமான சிவப்புகளில் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் வாசனை அடிக்கும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லேபிளில் 'ரிசர்வ்' என்று போட்டிருந்தால் மயங்கவேண்டாம். ஸ்பெயினில் ரெசெர்வாவுக்குச் சட்டப்படி அர்த்தம் உண்டு, ரியோஹா சிவப்பு ரெசெர்வா குறைந்தது மூன்று ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஒரு ஆண்டாவது ஓக்கில். அமெரிக்கா மாதிரி நாடுகளில் அந்தச் சொல்லுக்கு அப்படிச் சட்ட வரையறை இல்லை. 'பழைய கொடிகள்' என்பதும் பல இடங்களில் அப்படித்தான். ஒயின் பேச்சில் 'ட்ரை' என்றால் இனிப்பில்லாதது, ஆனால் நுரைக்கும் ஒயினில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று பார்த்து இனிப்பே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள், அது 'ப்ரூட்' என்பதைவிட இனிப்பானது: ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம். கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, கிளாஸின் பக்கவாட்டில் வழியும் கோடுகள், இவை எதுவும் தரத்தின் அடையாளம் இல்லை. அந்தக் கோடுகள் காட்டுவது முக்கியமாக ஆல்கஹாலைத்தான்.

திருகு மூடியைப் பார்த்து மட்டம் என்று நினைப்பது பழைய எண்ணம். இயற்கைக் கார்க்கில் சில சமயம் டிசிஏ என்ற சேர்மம் இருக்கும், அது ஒயினில் இறங்கினால் நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி வாசனை வரும், பழ வாசனை செத்துவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தப் பாட்டில் போனதுதான், கடையில் திருப்பிக் கொடுக்கக் கேட்கலாம். திருகு மூடியில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் 2000-இல் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் ஒயின் செய்பவர்கள் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள், அவர்களுடைய நல்ல ஒயின்களுக்கே அதைத்தான் போட்டார்கள்.

அப்புறம் வருடம். விலை குறைந்த ஒயின் வைத்திருந்து குடிப்பதற்காகச் செய்ததில்லை. வெள்ளையும் ரோஸேயும் இருப்பதிலேயே புதிய வருடமாக எடுங்கள், சிவப்பு மூன்று நான்கு வருடத்துக்குள். ஒளி ஊடுருவும் வெள்ளைக் கண்ணாடி பாட்டிலைக் கடையில் விளக்குக்கு நேர் கீழே வைத்திருந்தால் பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுங்கள், வெளிச்சம் ஒயினைக் கெடுக்கும். வீட்டிலும் ஃப்ரிட்ஜின் தலைமேலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

கிளாஸும் ஊற்றுவதும்

கிளாஸுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அடி அகன்று, வாய் கொஞ்சம் குறுகின எந்தக் கண்ணாடிக் கிளாஸும் போதும், அந்தக் குறுகல் வாசனையைப் பிடித்து வைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் இருந்தால் சுழற்ற இடம் இருக்கும். கழுவிய சோப்பு மிச்சமிருந்தால் ஒயின் கெட்டதுபோல இருக்கும், நுரையும் சட்டென்று அடங்கிவிடும், அதனால் வெந்நீரில் அலசித் துடைத்துவிட்டு முதலில் வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். அலமாரி வாசனை வந்தால் மறுபடி அலசுங்கள்.

வயது குறைந்த சிவப்பு ஒயின் துவர்ப்பாக, இறுக்கமாக இருந்தால் அதற்குக் காற்று வேண்டும். மூடியைத் திறந்து மேசையில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம், ஆனால் பாட்டில் கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயத்தின் அளவுதான், அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காது. அகலமான ஜாடியில் சலசலவென்று ஊற்றி, அங்கிருந்து இன்னொரு ஜாடிக்கு, மறுபடி இதற்கு என்று ஆற்றுவதுபோல மூன்று நான்கு முறை செய்யுங்கள். திருகு மூடி ஒயினில் முதலில் வரும் தீக்குச்சி நாற்றம்கூட இதில் பெரும்பாலும் போய்விடும்.

எது உங்களுக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, இரண்டை அருகருகே வைத்துக் குடிப்பது. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று குடித்தால் நினைவில் நிற்காது. நண்பர் ஒருவரோடு ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்து, ஒரே திராட்சை, இரண்டு நாடு என்று வைத்துப் பாருங்கள்: பிரான்ஸின் லாங்டாக் சிராவும் ஆஸ்திரேலியாவின் ஷிராஸும். பிளாக்பெர்ரி, புகையிலை, ஈரமண் என்று பெரிய பெரிய வாசனைகளைத் தேடவேண்டாம். நான்கே கேள்வி போதும். எவ்வளவு புளிப்பு, எவ்வளவு இனிப்பு, எவ்வளவு துவர்ப்பு, வாயில் தண்ணீர் மாதிரி இருக்கிறதா பால் மாதிரிக் கனமாக இருக்கிறதா. அறுசுவைக்குப் பெயர் வைத்த மொழியில் இதைச் சொல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை, கூச்சப்படாமல் நாக்கில் வருவதைச் சொல்லுங்கள். லேபிளைப் போட்டோ எடுத்து அதோடு மூன்று சொல் எழுதி வைத்தால் அடுத்த முறை கடையில் நிற்கும்போது உதவும்.

சாப்பாட்டோடு குடிக்கும்போது ஒன்றிரண்டு மட்டும் நினைவில் வைத்தால் போதும். உப்பும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும், அதனால் துவர்ப்பான சிவப்புக்கு சீஸும் இறைச்சியும். எண்ணெயில் பொரித்ததற்குப் புளிப்பான வெள்ளையோ நுரைக்கும் ஒயினோ நாக்கைக் கழுவிவிடும். காரத்தோடு ஆல்கஹால் கூடிய, துவர்ப்பான சிவப்பு வேண்டவே வேண்டாம், எரிச்சல் இரட்டிப்பாகும். லேசான இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த ரீஸ்லிங் மாதிரி ஒன்றை ஜில்லென்று ஊற்றுங்கள். இனிப்புப் பண்டத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின், இல்லாவிட்டால் ஒயின் புளித்துப்போனதுபோல் தெரியும்.

எவ்வளவு குடிப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். 13 சதவீத ஒயினில் ஒரு கிளாஸில் சுமார் 15 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொன்னது. வீட்டில் அளவு தெரியாமல் ஊற்றிக்கொண்டே போவது சுலபம், ஒருமுறை அளவுக் குவளையில் 150 மில்லி எடுத்து உங்கள் கிளாஸில் ஊற்றி அது எந்த உயரம் என்று பார்த்து வையுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவே ஒரு கிளாஸ் தண்ணீர். வண்டி ஓட்ட வேண்டிய நாள், மருந்து சாப்பிடும் நாள், கர்ப்ப காலம் என்றால் தொடவே வேண்டாம்.

மிச்சம்

ஒரு கிளாஸ் குடிக்கிறவர்களுக்கு உண்மையான பிரச்சினை மிச்சமுள்ள நான்கு கிளாஸ்தான். அதைத் தீர்த்துவைப்பேன் என்ற அவசரத்தில் அதிகம் குடிப்பதும், மூன்று வாரம் கழித்து வினிகராகிப் போனதைக் கொட்டுவதும் இரண்டுமே வீண். ஒயினைக் கெடுப்பது காற்று, அதோடு சூடு. சிவப்போ வெள்ளையோ குடித்ததும் மூடி, நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிவப்பு இரண்டு மூன்று நாள், வெள்ளை நான்கு நாள்வரை தாங்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 375 மில்லி சின்னப் பாட்டில் ஒன்றைக் காலியானதும் தூக்கிப் போடாமல் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த முறை பெரிய பாட்டிலைத் திறந்ததும், முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்னாலேயே, சின்னதை விளிம்பு வரை நிரப்புங்கள். மூடும்போது ஒரு சொட்டு வெளியே வழியவேண்டும், உள்ளே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. இறுக்க மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் அன்று திறந்தது மாதிரியே இருக்கும். பாதி குடித்துவிட்டு மிச்சத்தை மாற்றினால் இந்தப் பலன் கிடைக்காது, அதற்குள் காற்று கலந்திருக்கும்.

தினம் ஒரு கிளாஸ்கூட இல்லை, எப்போதாவதுதான் என்றால் அட்டைப்பெட்டிக்குள் பையில் வரும் பெட்டி ஒயினைப் பாருங்கள். 1965-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆங்கோவ் காப்புரிமை வாங்கிய யோசனை அது. ஒயின் குறைய குறைய உள்ளே இருக்கும் பை சுருங்கும், காற்று உள்ளே போகாது, திறந்த பிறகு நான்கு வாரம் வரை நன்றாக இருக்கும். நுரைக்கும் ஒயினுக்கு, பாட்டில் கழுத்தில் ஸ்பூனைச் செருகி வைத்தால் நுரை போகாது என்பது வெறும் நம்பிக்கை, கவ்விப் பிடிக்கும் தனி மூடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த நாளும் நுரைக்கும்.

நாள் தாண்டிக் கொஞ்சம் சோர்ந்துபோன சிவப்பு இருந்தால் ஸ்பெயினில் செய்வதுபோல ஐஸ் போட்டு, பாதிக்குப் பாதி எலுமிச்சை சோடா சேர்த்து ஒரு ஆரஞ்சு வில்லையைப் போடுங்கள். அதற்கும் ஆகாது என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, குழம்பிலோ சாஸிலோ ஒவ்வொரு கட்டியாகப் போட்டுக்கொள்ளலாம். ஆல்கஹால் இருப்பதால் கல் போல இறுகாது, ஸ்பூனால் சுரண்டினாலே வந்துவிடும்.